வலது கையின் வரலாறு

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களுக்கு அவரது இடது கையின் கதையும் தெரிந்திருக்கும். தீயில் கருகி இரண்டு விரல்கள் பயனற்றுப்போக, எஞ்சிய இரு விரல்களைக் கொண்டே உலகின் தலைசிறந்த கிற்றார் கலைஞர்களில் ஒருவராக அவர் உயர்ந்த கதை அது. அவரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கையையே பார்த்திருக்கின்றனர். அதில் வியப்பில்லை. ஆனால், கிற்றாரில் இடது கை செய்வது தந்தியை அழுத்திச் சுரத்தைத் தீர்மானிப்பது மட்டுமே. அந்தச் சுரத்தை ஒலியாக்கி மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் அனுப்புவது வலது கை. தீ தீண்டாத அந்த வலது கை தனது பயிற்சியை எங்கே பெற்றது, அதை அவருக்குப் பின்வந்தவர்கள் எவ்வாறு கற்றுக்கொண்டார்கள் என்பது தனியானதொரு வரலாறு. எழுத்தின் துணையின்றி ஒரு சமூகம் தனது கைவினை அறிவை எப்படிக் காப்பாற்றியது என்ற கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஆங்கிலேயர் 'ஜிப்சி ஜாஸ்' என்று அழைக்கும் இந்த இசைக்குப் பிரான்சில் வழங்கும் பெயர் 'ஜாஸ் மனூஷ்'. மனூஷ் என்போர் ரோமா மக்களின் ஒரு பிரிவினர். ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் வாழும் அவர்களது உறவினர்கள் சிந்தி என்று அழைக்கப்படுகின்றனர். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான நம்பிக்கையில் ஐரோப்பியர் சூட்டிய பெயரே ஜிப்சி. அம்மக்களின் முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வட இந்தியாவிலிருந்து மேற்கே பெயர்ந்தவர்கள் என்பதை மொழியியலாளர்கள் அவர்களுடைய பேச்சைக் கொண்டே நிறுவினார்கள். அவர்களது மொழியில் நீருக்குப் 'பானி', இரண்டுக்குத் 'துய்', ஐந்துக்குப் 'பாஞ்ச்'. 'மனூஷ்' என்றால் மனிதன். நாம் பேச்சுவழக்கில் 'மனுசன்' என்கிறோமே, அதே வேரிலிருந்து கிளைத்த சொல்தான் அது. மனிதர் என்றே தமக்குப் பெயரிட்டுக்கொண்ட ஒரு மக்கள் கூட்டத்தை மனிதராக நடத்துவதற்கு ஐரோப்பா எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஜாங்கோ 1910 ஜனவரி 23 ஆம் திகதி பெல்ஜியத்தின் லிபெர்ஷி என்ற கிராமத்தில், பயண வண்டியொன்றையே வீடாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். அவரது இளமைக்காலம் பரிஸ் நகரின் கோட்டை மதிலுக்கு வெளியே, வண்டிகள் தரித்து நின்ற வெளிகளில் கழிந்தது. நாடோடிகளாக வாழ்வோர் தமது உடல் அளவுகளும் கைரேகையும் பதிக்கப்பட்ட அடையாளப் புத்தகத்தை எப்போதும் வைத்திருக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் செல்லும்போதெல்லாம் அதில் முத்திரை பெறவேண்டும் என்று பிரான்ஸ் 1912 இல் சட்டம் இயற்றியிருந்தது. பள்ளிக்கூடம் அந்த வாழ்க்கைக்கு எட்டாத இடம். ஜாங்கோ எழுத்தறிவு பெறாமலே வளர்ந்தார். வளர்ந்தபின் எழுத்துகளை அவருக்குக் கற்பித்தவர்களில் வயலின் கலைஞர் ஸ்ரெபான் கிரப்பெல்லியும் ஒருவர். இசைக்குறியீட்டை அவர் கடைசிவரை கற்கவில்லை.

பன்னிரண்டு வயதளவில் அவரது கைக்குக் கிடைத்தது பான்ஜோ கிற்றார். தோல் போர்த்திய பான்ஜோவின் உடலும் ஆறு தந்திகள் கொண்ட கிற்றாரின் கழுத்தும் சேர்ந்த கருவி அது. சில ஆண்டுகளிலேயே பரிஸின் மதுச்சாலை நடனக் கூடங்களில் அவர் அக்கோர்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கத் தொடங்கினார். 'பால் மியூசெத்' என்று பெயர்பெற்ற அந்தக் கூடங்களில் உழைப்பாளிகள் வால்ஸ் இசைக்கு ஆடினார்கள். அவர் முதன்முதலாக இசைத்தட்டில் பதிவானதும் இவ்வாறான பக்கவாத்தியக்காரராகவே. 1928 இல் அக்கோர்டியன் கலைஞர் ஜான் வைசாத்துடன் அவர் வாசித்த தட்டுகளில் அவரது பெயரைக்கூடப் பிழையாகவே அச்சிட்டிருந்தார்கள். தன் பெயரின் எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க அவருக்கே தெரியாதிருந்த காலம் அது.

அந்தக் கூடங்களை நாம் கற்பனையில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒலிவாங்கி இல்லை. ஒலிபெருக்கி இல்லை. நடனமாடுவோரின் காலடி ஓசையும் கண்ணாடிக் குவளைகளின் ஓசையும் பேச்சும் நிறைந்திருக்கும். பக்கத்திலேயே காற்றை அள்ளி வீசும் அக்கோர்டியன். இவ்வளவுக்கும் நடுவே ஒரு தந்தி வாத்தியக்காரன் கேட்கப்பட வேண்டுமானால் அவனுக்கு இருந்த ஒரே கருவி வலது கைதான். மனூஷ் கிற்றார் வாசிப்பின் இலக்கணம் அழகியல் கோட்பாடொன்றிலிருந்து பிறந்ததல்ல. சத்தம் போதாமை என்ற பிழைப்புப் பிரச்சினையிலிருந்து பிறந்தது எனலாம்.

அந்த இலக்கணம் என்ன என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். தந்தியை மீட்டப் பயன்படும் சிறு தகட்டைக் கிற்றார்காரர்கள் 'பிக்' என்பார்கள். பொதுவான வாசிப்பில் பிக் தந்தியைத் தொட்டுவிட்டு வெளியே, காற்றில் நின்றுவிடும். மனூஷ் வாசிப்பில், கீழ்நோக்கிய ஒவ்வொரு வீச்சிலும் பிக் தந்தியை ஊடறுத்து விழுந்து அடுத்த தந்தியின்மேல் போய் ஓய்ந்து நிற்கும். ஆங்கிலத்தில் இதனை 'ரெஸ்ட் ஸ்ட்ரோக்' என்கிறார்கள்; ஓய்வு வீச்சு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இதனால் விளையும் நன்மை இரண்டு. முதலாவது, கையின் பாரமே வேலையைச் செய்கிறது. தசையை இறுக்கி அடிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, பிக் தந்தியைக் கருவியின் மேற்பலகையை நோக்கி அழுத்தி விடுவிப்பதால், தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகையை நேரடியாக அசைக்கிறது. சத்தம் பெரிதாகிறது, தொனி தடிக்கிறது.

கையின் நிலையும் இதற்கேற்பவே அமைகிறது. மணிக்கட்டு வில்போல் மேலே வளைந்திருக்கும். முன்கை கருவியின் விளிம்பில் சாய்ந்திருக்கும். உள்ளங்கை குதிரையைத் தொடாது. சுண்டுவிரல் பலகையில் ஊன்றாது. கை தந்திகளுக்கு மேலே மிதக்கும். வீச்சு மணிக்கட்டின் சுழற்சியிலிருந்து பிறக்கும். ஈரக் கையை உதறுவது போன்ற அசைவு என்று சொன்னால் வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

அடுத்த விதிதான் புதிதாகக் கற்பவர்களைத் தடுமாற வைப்பது. ஒரு தந்தியிலிருந்து இன்னொரு தந்திக்கு மாறும் ஒவ்வொரு முறையும் புதிய தந்தியின் முதல் சுரம் கீழ் வீச்சிலேயே தொடங்க வேண்டும். அதற்கு முந்திய வீச்சு கீழானதா மேலானதா என்பது பொருட்டல்ல. கனத்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திக்குப் போகும்போது இது இயல்பாகவே நடந்துவிடும். ஏனெனில் பிக் ஏற்கெனவே அடுத்த தந்தியில் ஓய்ந்து நிற்கிறது. அங்கிருந்தே அடுத்த வீச்சை விழவிடலாம். ஜாங்கோவின் சுரக்கோர்வைகள் ஒரே மூச்சில் மேலேறிச் செல்வதன் இரகசியங்களில் இதுவும் ஒன்று. ஆனால் மெல்லிய தந்தியிலிருந்து கனத்த தந்திக்குத் திரும்புவது கடினம். பிக் ஓய்ந்து நிற்கும் இடத்திலிருந்து இரண்டு தந்திகளைத் தாண்டிக் குதித்து மீண்டும் விழவேண்டும். கீழும் மேலும் மாறி மாறி மீட்டும் பழக்கம் உடையவர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். ஆயினும், ஒவ்வொரு தந்தியும் வலுவான அடியோடு தொடங்குவதனாலேயே அந்த இசையின் தாள அழுத்தம் உண்டாகிறது.

இந்த முறை மனூஷ் மக்களுக்கு மட்டும் உரியதன்று. அரபு, துருக்கிய இசையின் ஊத் வாத்தியக்காரர்கள் நீண்ட மெல்லிய 'ரிஷா'வினால் தந்தியை மீட்டும்போதும் இதையொத்த அசைவைக் காணலாம். ஒலிபெருக்கி இல்லாத உலகில் தந்தி வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே பிரச்சினையை எதிர்கொண்டார்கள்; ஆகவே ஒத்த விடைகளைக் கண்டதில் ஆச்சரியமில்லை. மின்சாரக் கிற்றார் வந்தபின் உரத்து மீட்டும் தேவை மற்றவர்களுக்கு அற்றுப்போனது. தேவை அற்றபோது முறையும் மறைந்தது. மனூஷ் குடும்பங்களில் அது மறையவில்லை என்பதுதான் சிறப்பு.

1928 இன் பிற்பகுதியில் அந்தத் தீ விபத்து நேர்ந்தது. ஜாங்கோவின் மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செலுலோயிட் பூக்களில் மெழுகுதிரியின் தீ பற்றி, வண்டியே எரிந்தது. அப்போது அவருக்கு வயது 18. இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருண்டுபோயின. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் அவர் படுக்கையில் கிடந்தார். தம்பி ஜோசப் கொண்டுவந்து கொடுத்த கிற்றாரில் இடது கைக்குப் புதிய வழிகளை அவர் கண்டுபிடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் படுக்கையில் அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது ஒரு கைக்கு மாத்திரமே. நடனக் கூடங்களில் பல ஆண்டுகள் உழைத்துப் பழகிய வலது கை அப்படியே இருந்தது. விபத்துக்கு முந்திய ஜாங்கோவையும் பிந்திய ஜாங்கோவையும் இணைத்த பாலம் அதுவே.

அந்தக் கைக்கு ஏற்ற கருவியும் விரைவில் வந்தது. இத்தாலியக் கிற்றார் கலைஞரும் கருவி வடிவமைப்பாளருமான மரியோ மக்கபெர்ரி, பரிஸின் செல்மர் நிறுவனத்துக்காக வடிவமைத்த கிற்றார்கள் 1932 முதல் உற்பத்தியாகின. ஆரம்பக் கருவிகளில் 'டி' எழுத்தின் வடிவில் பெரிய ஒலித்துளை இருந்தது. பின்னர் அது சிறிய நீள்வட்டமாயிற்று. அடுத்த ஆண்டே மக்கபெர்ரி நிறுவனத்தை விட்டு விலகினார். அதே காலத்தில் கையில் ஏற்பட்ட காயம் அவரது சொந்த மேடை வாழ்க்கையையும் முடித்துவைத்தது. செல்மர் நிறுவனம் 1952 வரை ஏறக்குறைய ஆயிரம் கிற்றார்களையே செய்தது. மெதுவாக மீட்டினால் சாதாரணமாகவும், ஓய்வு வீச்சில் மீட்டினால் மண்டபத்தை வெட்டிச் செல்லும் கூர்மையோடும் ஒலிப்பது அக்கருவியின் இயல்பு.

1934 இல் உருவான 'பிரான்ஸ் ஹொட் கிளப் ஐவர் குழு'வில் மத்தளம் போன்ற தாள வாத்தியமோ ஊது வாத்தியமோ இல்லை. கிரப்பெல்லியின் வயலின், ஜாங்கோவின் கிற்றார், தாளத்துக்கு மேலும் இரு கிற்றார்கள், ஒரு டபிள் பேஸ் என்பவையே இருந்தன. அமெரிக்காவில் முரசுகள் செய்த வேலையை இங்கே கிற்றார்காரர்களின் வலது கைகள் செய்தன. 'லா பொம்ப்' என்று அழைக்கப்படும் அந்தத் தாள முறையில் முதலாம் மூன்றாம் அடிகள் சற்று மென்மையாகவும், இரண்டாம் நான்காம் அடிகள் சுருக்கென்று வெட்டியும் விழும். மனூஷ் குடும்பத்துச் சிறுவர்கள் முதலில் கற்பது இதையே. மாமனோ சித்தப்பனோ தனித்து வாசிக்க, சிறுவன் பின்னாலிருந்து தாளம் போடுவான். ஆண்டுக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருந்த பிறகே தனித்து வாசிக்கும் உரிமை கிடைக்கும். கண் பெரியவரின் கையிலும், காது தன் தாளத்திலுமாக நடக்கும் பாடம் அது.

அக்காலத்தில் நல்ல பிக் என்றால் ஆமையோட்டில் செய்ததுதான். அழுங்காமையின் ஓடு தடித்தது, வளையாதது, தந்தியில் வழுக்கிச் செல்வது. பழைய கிரேக்க வணிக நூலான 'பெரிப்ளஸ்' நமது தீவின் ஏற்றுமதிகளில் ஒன்றாக ஆமையோட்டைக் குறிப்பிடுகிறது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். இன்று கடலாமைப் பொருள்களின் சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்குப் பதிலாகத் தடித்த செயற்கைப் பொருள்களில் செய்த பிக்குகளை வாசிப்போர் பயன்படுத்துகின்றனர். சில மூன்று மில்லிமீற்றருக்கும் மேல் தடிப்பானவை. மெல்லிய பிக் ஓய்வு வீச்சின் பாரத்தைத் தாங்காமல் வளைந்துவிடும்.

பின்னர் போர் வந்தது. 1940 ஏப்ரலில், ஜேர்மன் படைகள் பரிஸை அடையும் முன்னரே, நாடோடிகள் நடமாடுவதைப் பிரெஞ்சு அரசு ஆணையிட்டுத் தடுத்தது. ஏறக்குறைய ஆறாயிரத்து ஐந்நூறு பேர் பிரான்ஸின் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவற்றுள் மிகப் பெரியது மொந்த்ரேய் பெலே. நாஸிகளின் பிடியிலிருந்த ஐரோப்பா முழுவதிலும் கொல்லப்பட்ட ரோமா, சிந்தி மக்களின் தொகை குறைந்தது இரண்டரை இலட்சம் என்றும், ஐந்து இலட்சம் வரை இருக்கலாம் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். இதே ஆண்டுகளில் ஜாங்கோ, ஜேர்மன் படையின் பிடியிலிருந்த பரிஸில் புகழின் உச்சியில் இருந்தார். 1940 இல் பதிவான அவரது 'நுவாஜ்' என்ற இசை நகரெங்கும் ஒலித்தது. புகழ் அவருக்குக் கவசமாயிற்று. ஆயினும் அதை அவர் முற்றாக நம்பவில்லை போலும். 1943 இல் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்று திரும்ப நேர்ந்தது. கைகளில் மட்டுமே தங்கியிருக்கும் ஓர் அறிவு, அந்தக் கைகளுக்கு உரியவர்கள் அழிக்கப்படும்போது அவர்களோடு அழிகிறது. எந்தெந்தக் குடும்பங்களின் வாசிப்பு முறைகள் அந்த முகாம்களில் முடிந்துபோயின என்பதற்குக் கணக்கில்லை.

1953 மே 16 ஆம் திகதி ஜாங்கோ தமது 43 ஆவது வயதில் காலமானார். இறந்தவரின் உடைமைகளை எரித்துவிடுவதும், அவரது பெயரை எளிதில் உச்சரிக்காதிருப்பதும் மனூஷ் மரபு. ஆனாலும் 503 என்ற தொடர் இலக்கம் கொண்ட அவரது செல்மர் கிற்றார் எஞ்சியது. 1964 இல் அவரது மனைவி அதனைப் பரிஸ் இசைக் கல்லூரியின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்று அது நகரின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருவியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கலாம்; வீச்சை வைக்க முடியாது. அது வண்டிகளிலும் சமையலறைகளிலும் உறவினர் கூடும் கொண்டாட்டங்களிலும் தொடர்ந்தது. ஜேர்மனியில் ஷ்னுக்கெனாக் ரைன்ஹார்ட், பெல்ஜியத்தில் பாபி லாபெர்த்தான், நெதர்லாந்தில் ஸ்தொகெலோ ரோசன்பேர்க் எனத் தலைமுறைகள் எழுந்தன. அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த பிரேலி லாக்ரேன் 1980 இல் தமது முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 13. இசைத்தட்டு இவர்களுக்குச் சுரங்களைக் கொடுத்தது. அந்தச் சுரங்களை எந்த வீச்சில் எடுப்பது என்பதைக் கொடுத்தது வீட்டுப் பெரியவர்களின் கை.

வெளியார் இதனைக் கற்க முற்பட்டபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. ஜாங்கோவின் சுரங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தமக்குப் பழகிய மாற்று வீச்சில் வாசித்தார்கள். சுரம் சரியாக இருந்தது. ஒலி வேறாக இருந்தது. ஜாங்கோவின் கடைசி ஆண்டுகளின் இருப்பிடமான சாமுவா சூர் சேன் கிராமத்தில் 1968 இல் முதலாவது நினைவு விழா நடைபெற்றது. அங்கு கூடியவர்கள் மேடையைவிட வண்டிகளுக்கு நடுவே நடக்கும் வாசிப்பை அருகிலிருந்து பார்த்தே பலவற்றைப் புரிந்துகொண்டார்கள். 2000 களின் தொடக்கத்தில் அமெரிக்கரான மைக்கேல் ஹோரோவிட்ஸ் போன்றோர் இந்த விதிகளை ஒழுங்குபடுத்திப் புத்தகமாக்கினர். தலைமுறை தலைமுறையாகப் பெயரின்றி இருந்த அசைவுகளுக்குப் பெயர் கிடைத்தது.

இன்று கற்க விரும்புவோருக்கு அந்தப் பாடத்தின் சுருக்கம் இது. முதலில் ஒரே தந்தியில் கீழ் வீச்சு மட்டும். ஒவ்வொரு வீச்சும் அடுத்த தந்தியில் ஓய்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர், இரண்டு தந்திகளுக்கு இடையில் மாறும்போது கீழ் வீச்சு விதியை மிக மெதுவாகப் பழக வேண்டும். தோளோ முன்கையோ இறுகினால் நிறுத்திவிட வேண்டும். இறுக்கத்தால் வரும் வேகம் வலியில்தான் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல மாதங்கள் பிறருக்குத் தாளம் போடப் பழக வேண்டும். புத்தகம் வாங்கியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் கடைசிப் பாடத்தையே. விதிகளைப் புத்தகம் சொல்லும். எந்த இடத்தில் விதியை மீறலாம் என்பதைப் பிறரோடு சேர்ந்து வாசிக்கும்போதே கை கற்றுக்கொள்ளும். பெரும் கலைஞர்கள் எல்லோரும் விரைவான இடங்களில் அவ்விதியை மீறியே வாசிக்கின்றனர்.

ஒரு செய்தியாளன் என்ற வகையில் இன்னுமொன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2010 ஜாங்கோவின் நூற்றாண்டு. பிரான்ஸ் அதனை விழாக்களோடு கொண்டாடியது. அதே ஆண்டின் கோடையில், ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்திருந்த ரோமா மக்களின் குடியிருப்புகளைக் கலைத்து, அவர்களைத் திருப்பியனுப்பும் நடவடிக்கையைப் பிரெஞ்சு அரசு முடுக்கிவிட்டது. 1912 இன் சட்டம் 1969 இல் வேறு வடிவம் பெற்றது. நடமாடி வாழ்வோருக்கான தனிப் பயணப் புத்தகம் 2017 இல்தான் முற்றாக ஒழிந்தது. போர்க்கால முகாம்களுக்குப் பிரான்ஸ் பொறுப்பு என்பதை அந்நாட்டின் ஜனாதிபதி ஒருவர் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டது 2016 ஒக்டோபரில், மொந்த்ரேய் பெலேயில் நடந்த நிகழ்வில். அந்த முகாம்களிலிருந்து கடைசியானவர்கள் வெளியேறி ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வார்த்தை வந்தது. இசையை ஏற்றுக்கொள்ள ஐரோப்பாவுக்குச் சில ஆண்டுகளே போதுமாயிருந்தன.

இன்று தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் மெல்பேர்னிலும் இளைஞர்கள் வளைந்த மணிக்கட்டோடு அமர்ந்து ஓய்வு வீச்சைப் பழகுகிறார்கள். நல்ல காரியம். ஒரு கலை பரவுவதனால் குறைவதில்லை. ஆனால் அந்த வீச்சு நடனக் கூடங்களின் இரைச்சலில் பிழைப்புக்காகப் போராடிய கைகளில் உருவானது; முகாம்களுக்குத் தப்பிய கைகளால் கொண்டுவந்து சேர்க்கப்பட்டது. கற்பவர்கள் அந்த மனிதரையும் அறிந்துகொண்டு கற்பார்களானால் அது முறையாக இருக்கும்.